சேகர், சேகர், சேகர்

கோர்ட்டில் பெயர் கூப்பிடும் டவாலி வேலைக்கு நல்ல தொண்டை வேண்டும். எனக்கு இருந்தது கூச்சம் மட்டும்தான். எட்டாவது படித்த எனக்குத் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் கிடைத்த வேலை அது. ஒரு பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். குறையவும் கூடாது, கூடவும் கூடாது. ரிட்டையர் ஆகும்வரை நான் அதில் தவறவில்லை. வாய்தா வாங்கிக்கொண்டு கோர்ட் மரத்தடியில் உட்கார்ந்து பழகிய உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம். கடைசி வருஷத்தில் வந்த ஒரு மோட்டார் திருட்டு வழக்கை மட்டும் சொல்கிறேன்.

எட்டாத குரல்

கரும்பு வெட்டும் சேகர், கிணற்று மோட்டாரைத் திருடியதாக ஜெயிலில் இருந்தார். ஜாமீன் நிற்க ஆள் இல்லை. முதல் வாய்தாவுக்கு அவரை அழைத்துவர வேண்டிய எஸ்கார்ட் போலீசார் விக்கிரவாண்டிப் பக்கம் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார்கள். அவர் வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கூப்பிடுவது விதி. வராந்தாவில் நின்று மூன்று தடவை கூப்பிட்டேன். அவர் மனைவி வள்ளி எழுந்து வந்தாள்.

"அவரு ஜெயில்ல கீறாரு சார். நீங்க இங்க கூப்ட்டா அங்க கேக்குமா?"

மோட்டார் ஆஜர்

மோட்டாருக்குச் சொந்தக்காரர் ஏழுமலை, திருவெண்ணெய்நல்லூர் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்தார். கேட்கும்போது கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையோடு கோர்ட் மோட்டாரை அவரிடம் கொடுத்திருந்தது. அடுத்த வாய்தாவுக்கு அதைக் கிணற்றிலிருந்து கழற்றி லோடு ஆட்டோவில் கொண்டுவந்தார். அன்று சேகரும் வந்திருந்தார். வழக்கைப் புலன்விசாரணை செய்த எஸ்.ஐ. மட்டும் வேறொரு வழக்கில் சாட்சி சொல்லத் திண்டிவனம் போயிருந்தார். மறுபடியும் வாய்தா. மோட்டாரைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு அடுத்த தடவை திரும்பக் கொண்டுவரும்படி கோர்ட் போலீஸ்காரர் சொன்னார். ஏழுமலை மோட்டாரை மறுபடியும் லோடு ஆட்டோவில் ஏற்றினார்.

"இதுக்குத் திருடனே தேவலைங்க. அவன் ஒரு வாட்டிதான் கழட்டினான்."

திரையில்

எஸ்கார்ட் கிடைக்காததால் ஒரு தடவை ஜெயிலிலிருந்து வீடியோவில் ஆஜர்படுத்தினார்கள். திரையில் சேகர் கைகட்டி உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. நான் வராந்தாவுக்குப் போய் வழக்கம்போலக் கூப்பிட்டேன். உள்ளே திரையிலிருந்து பதில் வந்தது.

"வந்துட்டேன்னு சொல்லணுமா, இங்கியே கீறேன்னு சொல்லணுமா சார்?"

மரத்தடி

இப்படியே தண்ணீர் பாயாமல் மல்லாட்டை காயத் தொடங்கியது. வள்ளிக்கோ ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. ஒரு நாள் ஏழுமலையும் வள்ளியும் மரத்தடியில் வறுத்த மல்லாட்டையைப் பங்கு போட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். எஸ்கார்ட் உண்டா இல்லையா என்பது ஜெயிலிலிருந்து சேகர் போனில் பேசும்போது வள்ளிக்குத் தெரிந்துவிடும். உடனே ஏழுமலைக்குப் போன் செய்து, "மோட்டாரக் கழட்டாதீங்கண்ணே" என்பாள். எஸ்.ஐ. எங்கே இருக்கிறார் என்று ஸ்டேஷனில் கேட்டு ஏழுமலை அவளுக்குச் சொல்வார். இதைக் கண்ட அரசு வக்கீல், புகார் கொடுத்தவரும் கைதியின் மனைவியும் இப்படிப் பேசிக்கொள்ளலாமா என்று கண்டித்தார். வள்ளிதான் பதில் சொன்னாள்.

"நீங்கள்லாம் பேசிக்கினா நாங்க ஏன் சார் பேசிக்கப் போறோம்?"

ஒரே பஸ்

அந்த இரண்டு பேரும் போன் போட்டுப் போட்டு, ஒரு நாள் எஸ்.ஐ., எஸ்கார்ட், அரசு வக்கீல், சேகர், மோட்டார் எல்லாம் வந்து சேர்ந்தன. ஏழுமலை முதலில் புகாரில் சொன்னதையே சொன்னார்: மோட்டார் என்னுடையது, எடுத்தவரை நான் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொல்ல வேறு யாரும் இல்லை. அடுத்த வாரம் தீர்ப்பு வந்தது. விடுதலை.

வள்ளி கணவர் கையைப் பிடித்தாள். எஸ்கார்ட் விடவில்லை. ஜெயிலுக்குப் போய்த்தான் விட முடியும், அதுவும் ஆர்டர் சாயங்காலம் கேட் சாத்துவதற்குள் போக வேண்டும். நாங்கள் ஆளைத்தான் கொண்டுபோவோம், ஆர்டரைக் கோர்ட் ஆள்தான் கொண்டுவர வேண்டும் என்றார்கள். கோர்ட் ஆள் நான். எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். முன் சீட்டில் இரண்டு போலீசாருக்கு நடுவில் இருந்த சேகர் திரும்பிப் பார்த்தார்.

"பேப்பரு உங்க பையில, நான் இவங்க கையில. ரெண்டும் சேர்றதுக்கு ஜெயிலுக்குத்தான் போணுமா சார்?"

கேட் சாத்துவதற்குள் போய்ச் சேர்ந்தோம்; நான் பார்த்தவரை ஒரு வழக்கின் எல்லாத் துறைகளும் ஒரே நாளில் கூடியது ஏழுமலை சாட்சி சொன்ன அந்த ஒரு தடவைதான், கூப்பிட்டுச் சேர்த்தவர்கள் திருட்டுக் கொடுத்தவரும் கைதியின் மனைவியும்.