ஓவர்லாக், பிளாட்லாக், அப்புறம் ஒரு சொல்

நல்லூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளம்தான் கம்பெனி. குழந்தைகளுக்குச் சட்டையும் கவுனும் தைக்கிறோம். துணியை எந்த அளவில் வெட்டுவது என்று காட்டும் பேட்டர்னைக் கணினியில் வரைவது என் மனைவி. துணி வெட்டுவதும் எல்லோரையும் விரட்டுவதும் நான்.

ஒருநாள் ஒரு பிரிண்டிங் பட்டறையிலிருந்து வந்த பென் டிரைவ், மதியச் சாப்பாட்டுக்குள் அந்தக் கணினியைத் தின்று தீர்த்தது. அவள் வரைந்த அத்தனை பேட்டர்னும் வைரஸில் போயின. அவள் அழவில்லை. சாம்பிள் துணிகளைப் பிரித்துப் போட்டு ஒவ்வொன்றாக மறுபடி வரைந்தாள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

சூடு கண்ட பூனையாக, வைரஸ் அவ்வளவாக அண்டாது என்கிற லினக்ஸ் பக்கம் போனேன். அங்கே ஒரு வகையா இரண்டு வகையா, தீபாவளிக்கு முந்தின வாரம் ஜவுளிக்கடைக்குள் நுழைந்தது போல் இருந்தது. பளபளப்பானவற்றைத் தள்ளிவிட்டு, மெதுவாக மாறுகிற, பல வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகிற ஒன்றை எடுத்தேன். அவளுடைய பேட்டர்ன் வேலைக்கான மென்பொருள் அதில் ஓடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். வெளியாட்களின் பென் டிரைவைத் திறக்கத் தனிக் கணக்கு ஒன்று வைத்தேன். அந்தக் கணக்கிலிருந்து அவள் கோப்புகளைத் தொட முடியாது. கடவுச்சொல் இல்லாமல் யாராலும் திறக்க முடியாதபடி ஹார்டு டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்தேன். நகல் எடுத்து வைக்கும் பேக்கப் டிஸ்க்குக்கும் அதே கடவுச்சொல் போதும் என்று முடிவு செய்த மேதையும் நான்தான்.

"பாஸ்வேர்டு நீயே வையி புள்ள," என்றேன். "முருகன் பேரும் ஒன்னு ரெண்டு மூணும் வேண்டாம். இந்த ஊர்ல பாதிக் கம்பெனி அதுலதான் தொறக்குது. நாலஞ்சு வார்த்தையா நீளமா வையி. எங்கியும் எழுதப்படாது. எங்கிட்டக்கூடச் சொல்லப்படாது."

அவள் நாற்காலியில் இருந்தபடி அறையைச் சுற்றிப் பார்த்தாள். மெதுவாகத் தட்டினாள். "ஆச்சுங்க," என்றாள்.

கணினியை நாங்கள் அணைப்பது அபூர்வம். எப்போதாவது அப்டேட் போட்டபின் அந்த நீளமான கடவுச்சொல்லைக் கேட்கும். அவள் அறையை ஒரு பார்வை பார்ப்பாள், தட்டுவாள்.

ஆயுத பூஜை வந்தது. எல்லா மெஷினையும் நகர்த்தித் தரையைக் கழுவி, எண்ணெய் விட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினோம். கணினியையும் அணைத்து அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது என்பது இங்கே எல்லாப் பட்டறையிலும் உள்ள வழக்கம்.

விஜயதசமிக் காலை, கணினியைப் பழைய மேசையிலேயே வைத்துத் திறந்தாள். கடவுச்சொல் கேட்டது. அவள் அறையைப் பார்த்தாள்; மெஷின்கள் எல்லாம் இன்னும் சாமி படத்துக்கு முன்னால்தான் நின்றன. அவள் கை அப்படியே நின்றது.

"ஏனுங்க, நான் அதை மனப்பாடம் பண்ணலீங்க. இங்கிருந்து பாத்தா வரிசையா என்ன தெரியுதோ அதத்தான் வெச்சேன்."

எழுதாதே, சொல்லாதே என்று அன்று போட்ட அதிகாரத்தை நினைத்து என்மேலேயே எரிச்சல் வந்தது. இன்னொரு முறை அவள் துணியைப் பிரித்துப் போட்டு வரைய வேண்டுமா? பயந்துவிட்டேன்.

பொரிக்கும் சுண்டலுக்கும் நடுவில் மெஷின்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்துக்கு இழுத்தோம். ஓவர்லாக் ஜன்னலோரம். பிளாட்லாக் அதற்குப் பக்கத்தில். அப்புறம் பட்டன் மெஷின், இஸ்திரி மேசை. அவள் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். திறக்கவில்லை.

"கடைசியா ஒன்னு இருக்குதுங்க. அந்த மூலையில."

அந்த மூலையில் என் கட்டிங் டேபிள் இருந்தது. அதையும் தட்டினாள். ஊஹூம்.

நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நீங்க இங்க நிக்காதீங்க. உங்க டேபிளுக்குப் போங்க."

"இப்ப அதுதான் முக்கியமாக்கும்?" என்று முணுமுணுத்தபடி போய், இடுப்பில் கை வைத்து நின்றேன். அவள் ஒரு நிமிடம் என்னையே பார்த்தாள். சிரித்தாள். மளமளவென்று தட்டினாள். திறந்துகொண்டது. பேட்டர்ன் எல்லாம் அப்படியே இருந்தன.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, "கடைசி வார்த்தை என்ன புள்ள?" என்று கேட்டேன்.

"எங்கியும் சொல்லப்படாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

பேக்கப் டிஸ்க்குக்கு அன்றே வேறு கடவுச்சொல் வைத்தோம். கணினிக்கு அதே பழையதுதான். கடைசியில் எனக்காக அவள் வைத்த அந்தச் சொல் செல்லமா வசவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் அதைத் தட்டும்போது மட்டும் நான் மறக்காமல் கட்டிங் டேபிளில் போய் நிற்கிறேன்.