விசையில்லாத பெட்டி

மங்கையற்கரசி யாழ்ப்பாணத்துக் காரைநகரில் பிறந்து, மாத்தளைக்குப் பௌதிகவியல் படிப்பிக்க வந்தவர். கணவர் ஆறுமுகநாதனுக்குக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், வேலை. 2008ஆம் ஆண்டு வரைக்கும் அவர்களைத் தேடி ஒரு பொலிஸ் ஜீப் வந்ததில்லை.

வந்ததற்குக் காரணம் சிவராசா. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மங்கையற்கரசியோடு படித்தவன். ஜேர்மனியில் ஓர் அணுக்கரு ஆய்வுகூடத்தில் இருந்தான். துகள்கள் மோதும்போது உணரிகளில் எழும் மின்துடிப்புகளைக் கணினிக்குக் கொண்டுபோகும் பலகைகளைச் செய்வது அவன் வேலை. ஒருநாள் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"கரசி, எங்கட புதுப் பலகையை உங்கட ஊரில ஓடவிட வேணும்."

"ஏன், அங்கை இடமில்லையோ?"

"இஞ்சை கரண்ட் நிக்கிறதே இல்லை. அதால சோதிக்க ஏலாமக் கிடக்கு. மாத்தளைக் கரண்டுக்குத் தாக்குப்பிடிச்சா அது எங்கையும் பிழைக்கும்."

பெட்டி வந்து சேர்ந்தது. வானத்திலிருந்து இறங்கும் துகள் பட்டால் மினுங்கும் ஒரு பிளாஸ்டிக் பாளமும் பலகையும் உள்ளே இருந்தன. உயரமான இடமென்றால் நல்லது என்று சிவராசா சொல்லியிருந்தான். இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையின் அதிபர் செல்லச்சாமி, தன் சாமான் அறையைத் தருவதாக ஒப்புக்கொண்டார். மங்கையற்கரசி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் புறப்பட்டார்.

யுத்த காலம். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். பெட்டியின் மூடியில் பெரிய ஆங்கில எழுத்தில் 'ட்ரிகர்லெஸ்' என்று ஒட்டியிருந்தது. விசை இல்லாதது என்று அர்த்தம். துப்பாக்கியின் விசைக்கும் அதே சொல்தான். ஒரு சிப்பாய் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்:

"விசை எங்கே?"

"இதற்கு விசை இல்லை."

"கழற்றி யாரிடம் கொடுத்தீர்கள்?"

பெட்டியையும் டீச்சரையும் இன்ஸ்பெக்டர் ஏக்கநாயக்கவிடம் கொண்டுபோனார்கள். அவர் அடையாள அட்டையை வாங்கி, பிறந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி என்ன செய்யும் என்று அவர் கேட்டதும் மங்கையற்கரசி வகுப்பில் நிற்பது போலத் தொடங்கிவிட்டார்.

"பழைய கருவிகளில் விசை என்று ஒரு பகுதி இருக்கும், ஐயா. எந்தத் துடிப்பு முக்கியம் என்று அது அந்தக் கணமே முடிவெடுக்கும். மற்றதெல்லாம் போய்விடும். இதில் அப்படி இல்லை. வருகிற எல்லாவற்றையும் நேரம் குறித்து ஓயாமல் பதிந்துகொண்டே இருக்கும். எது முக்கியம் என்று பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம்."

இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. "நாங்களும் அப்படித்தானே! சாவடியில் வருகிற போகிற எல்லோரையும் பதிவோம். யார் முக்கியம் என்று பிறகு மேலிடம் சொல்லும்."

"அதேதான், ஐயா."

"நன்றாக விளங்கிவிட்டது. இனி விசையைக் கொண்டுவாருங்கள். விசை இருப்பதாக மேலிடத்துக்கு அறிவித்தாயிற்று. அது என் பொறுப்பில் இருந்தால் பெட்டியை விட்டுவிடலாம்."

வீட்டில் அன்று சமையல் நடக்கவில்லை. "இல்லாத சாமானை எங்கை போய்த் தேடுறது?" என்று மங்கையற்கரசி அழுதார். ஆறுமுகநாதன் பல வருடம் கச்சேரியில் இருந்தவர். "அந்தாள் கேக்கிறது விசையில்லை, பூட்டி வைக்கிறதுக்கு ஒரு சாமான்," என்றார். இருவரும் மஹ்ரூபின் மின்சாமான் கடைக்குப் போய் ஒரு பொத்தான் கேட்டார்கள்.

"வாசல் பெல்லுக்கா டீச்சர்? வெள்ள ஈக்கி, செவப்பும் ஈக்கி," என்று மஹ்ரூப் இரண்டையும் காட்டினார்.

"பாத்தாப் பயம் வாறது எது?"

மஹ்ரூப் சிவப்பை எடுத்து வைத்தார்.

இன்ஸ்பெக்டர் அந்தப் பொத்தானை இரண்டு கையாலும் வாங்கி இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மலையேறிய பெட்டி ஓடத் தொடங்கியது. மின்சாரம் போகும்போதெல்லாம் பலகை மயங்கி விழுந்தது. சிவராசா அதைத் திருத்தித் திருத்திப் பூரித்துப்போனான்.

ஒரு பின்னேரம், மங்கையற்கரசி பெட்டியைப் பார்க்க மேலே வந்திருந்தபோது, தோட்டத்து டிரான்ஸ்போமர் வெடித்தது. தேயிலைத் தொழிற்சாலை பாதி அரைவையில் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஜீப்பில் வந்திறங்கினார் இன்ஸ்பெக்டர். கையில் பொத்தான்.

"டீச்சர், பொய் சொல்லிவிட்டீர்களே! இரும்புப் பெட்டியைத் துப்புரவு செய்த கான்ஸ்டபிள் இதை அமத்தினான். அமத்திய உடனே மலை முழுக்கக் கரண்ட் போய்விட்டது!"

மங்கையற்கரசி உண்மையைச் சொன்னார். "ஐயா, அது வாசல் பெல். மஹ்ரூப் கடையில் வாங்கியது."

இன்ஸ்பெக்டர் அப்படியே பிள்ளைகள் இருந்து படிக்கும் வாங்கு ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். அந்த பெல்லுக்கு அவர் ஆயுதக் காவல் போட்டிருந்தார். மாதாமாதம் அதைப் பற்றி மேலிடத்துக்கு அறிக்கையும் போனது.

"இல்லை," என்றார் மெதுவாக. "இது விசைதான். விசையாகத்தான் இருக்க வேண்டும். ஏதாவது செய்யுங்கள், டீச்சர்."

செல்லச்சாமி குறுக்கே வந்தார். "பெட்டியில ஒரு ஓட்டை சும்மாதானே கெடக்குதுங்க டீச்சர்? அதுல மாட்டிப் பாப்போமே."

ஜேர்மனியைக் கேட்டார்கள். பலகையில் ஓர் உள்ளீட்டு வாசல் பாவிக்காமல் இருந்தது உண்மைதான். கரண்ட் வந்ததும் பொத்தானை அதில் இணைத்தார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒருமுறை அமத்தினார். கணினித் திரையில் ஓடிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான கோடுகளுக்குள் ஒரு கோடு சேர்ந்தது.

"அது நானா?"

"நீங்கள்தான், ஐயா."

"மற்றவை?"

"வானத்திலிருந்து வருபவை."

அதன்பிறகு அவர் அடிக்கடி ஜீப்பில் மேலேறி வந்து ஒருமுறை அமத்திவிட்டுப் போனார். மேலிடத்துக்குப் 'பரிசோதனை' என்று எழுதினார். சிவராசா குழம்பிப்போனான்.

"கரசி, ரெண்டாம் வாசலால வாறது ஆர்?"

"இன்ஸ்பெக்டர்."

"அழிச்சு விடட்டோ?"

"ஒண்டையும் எறியக்கூடாது எண்டு நீதானே சொன்னாய்? கிடக்கட்டும்."

2009இல் யுத்தம் முடிந்தபோது பலகையும் தேறிவிட்டது. பெட்டி ஜேர்மனிக்குத் திரும்பியது. இன்ஸ்பெக்டருக்கு வடக்கே வவுனியாவுக்கு மாற்றம். சொல்லிவிட்டுப் போக, அன்னாசிப் பழங்களோடு வீட்டுக்கே வந்தார். வடக்கில் உங்களுக்கு யாரும் இருக்கிறார்களா என்று முதல் தடவையாகக் கேட்டார். தங்கை தவமணிதேவி யுத்தம் நடந்த வன்னியில் இருந்தவள், மாசியிலிருந்து ஒரு தகவலும் இல்லை என்று மங்கையற்கரசி சொன்னார். இன்ஸ்பெக்டர் அந்தப் பெயரைக் குறிப்புப் புத்தகத்தில் பதிந்துகொண்டு போனார்.

சில வாரம் கழித்து, மாத்தளைப் பாடசாலையில் இடைவேளையின்போது தொலைபேசி அடித்தது.

"டீச்சர், உங்கள் தங்கையை இங்கே ஓர் அகதி முகாமில் கண்டுபிடித்துவிட்டேன். சுகமாக இருக்கிறார். ஆனால் என்னை நம்பமாட்டேன் என்கிறார். தயவுசெய்து நீங்களே பேசுங்கள்."

தொலைபேசி கை மாறியது. மெலிந்த குரல் ஒன்று சந்தேகத்தோடு கேட்டது: "அக்கா எண்டால், சின்னனில நான் உன்னை என்ன பட்டம் சொல்லிப் பழிக்கிறனான், சொல்லு பாப்பம்?"

மங்கையற்கரசி சுற்றிலும் பார்த்தார். ஆசிரியர் அறை நிறைய ஆட்கள். அதிபரும் நின்றார்.

"கொக்கு!" என்று கத்தினார். "கொக்கு, கொக்கு!"

மறுமுனையில் தங்கை அழத் தொடங்கினாள்.