கண்ணாடிக்கு முன்னால் ஒரு தடுப்பு

லாரி ஓட்டத் தொடங்கி இருபத்தெட்டு வருஷம். எதற்கும் பதறாத ஆள் என்பதால், கூட ஓட்டுகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் நிதானம். அந்த நிதானம்தான் மூணு மாசமாகப் பதறிக்கொண்டிருந்தார். சாயங்கால வெயில் எதிரே அடித்தால் போதும், ரோடு முழுக்கப் பால் ஊற்றின மாதிரி வெளுத்துவிடும். கண் போய்விட்டது என்று அவரே தீர்ப்பு எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் பரிசோதனை. அதில் தோற்றால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான். வேறு தொழில் அவருக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. இதைப் பற்றி வீட்டில் மூச்சுவிடவில்லை. சாயங்கால லோடுகளை அடுத்தவர்களுக்குத் தள்ளிவிட்டுக் காலையிலேயே கிளம்ப ஆரம்பித்தார். மனைவியும் எதுவும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது மட்டும், "தூரத்துல வர்றது எத்தனாம் நம்பருங்க?" என்பாள். இவர் படித்துச் சொல்வார். பாவம், இவளுக்கும் பார்வை மங்குதே என்று உள்ளுக்குள் வருத்தம் வேறு.

கண்ணைத்தான் மாற்ற முடியாது, லாரிக் கண்ணாடியில் அப்புகிற பூச்சியையாவது குறைக்கலாம் என்று சனிக்கிழமை மத்தியானம் லாரி சாமான் கடைக்குப் போனார். வயல் வழியாக ஒரு நடை போய்வந்தால் முன் கண்ணாடி பூச்சிகளின் சுடுகாடு. என்ஜினை மூடும் பானெட்டின் முன் விளிம்பில் ஒரு தடுப்பு வைத்தால் காற்று மேலே எழும்பி, பூச்சியையும் கண்ணாடிக்கு மேலே தூக்கிக்கொண்டு போய்விடும்.

கருப்பாக, நெருப்புப் படம் போட்டு, முழங்கை உயரத்துக்கு ஒன்று இருந்தது. அவர் கை நேரே அதற்குத்தான் போனது.

"அண்ணே, முதல்ல சீட்ல ஏறி உக்காருங்க" என்றாள் கடைக்காரம்மா. அதைப் பானெட் மேல் பிடித்துக்கொண்டு கேட்டாள். "என் தலை தெரியுதா?"

"நெத்திதாம்மா தெரியுது."

"வண்டியே மூக்கு நீளம். இதையும் மாட்டினா குறுக்க வர்ற ஆளு எப்படித் தெரிவான்?"

கடைசியில் நிறமில்லாத, ஒரு சாண் உயரமுள்ளதை எடுத்தார்கள். பானெட் விளிம்பைக் கழுவித் துடைத்து, ஏற்கெனவே இருந்த ஓட்டைகளிலேயே ரப்பர் வாஷர் கொடுத்து போல்ட்டை முடுக்கினாள். தடுப்புக்கும் பானெட்டுக்கும் நடுவே தண்ணி விட்டுக் கழுவ ஒரு விரல் இடைவெளி விட்டாள். பானெட்டை ரெண்டு தடவை தூக்கி இறக்கி, எங்கேயும் உரசவில்லை என்று பார்த்தாள். எல்லாம் முடிந்து, போகிறபோக்கில் முன் கண்ணாடியைத் தொட்டவள் விரலை முகர்ந்தாள்.

"எதால தொடைக்கிறீங்க இதை?"

"டீசல் துணிதான். காஞ்ச பூச்சி அதுலதான் பட்டுனு வருது."

"எவ்வளவு நாளா?"

"பழைய துணிய மாத்தினதுலேருந்து... மூணு மாசம் இருக்கும்."

"கண்ணாடிக்குத் தலைவாரி எண்ணெயும் வெச்சு விட்டிருக்கீங்க. இந்த டீசல் படலத்துல வெயில் பட்டா அப்படியே வெளுத்துப்போகுமே, எப்படி ஓட்டினீங்க?"

நிதானம் டீசல் துணியை எடுத்துக் குப்பையில் போட்டார். அவளே சோப்புத் தண்ணியும் நல்ல தண்ணியுமாக மாற்றி மாற்றித் தேய்த்து, காகிதத்தால் துடைத்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் வேண்டுமென்றே சூரியனுக்கு எதிரே வண்டியை விட்டார். ரோட்டின் வெள்ளைக் கோடு, பாலத்தின் விளிம்பு, தொலைவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிறவரின் சட்டைக் கட்டம், எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. பூச்சிகள் கூட்டமாக வந்து, கண்ணாடிக்கு ஒரு முழம் முன்னால் எழும்பி, கூரைக்கு மேலே போயின. ஓரம் கட்டி நிறுத்திவிட்டு மனுஷன் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார். மூணு மாசப் பாரம் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு மனைவிக்குப் போன் போட்டு, ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தார்.

"உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லைனு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் அவள். "சாயங்கால லோடை நிறுத்தினப்பவே சந்தேகம் வந்துச்சு. அதான் பஸ் நம்பரைக் கேட்டுக் கேட்டுப் பாத்தேன். ஒண்ணுகூடத் தப்பா சொல்லல நீங்க."

"அடிப்பாவி, அப்போ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க சொன்னீங்களா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை நானும் கூட வர்றேன்" என்றாள்.

"வா" என்றார். "நாலாம் நம்பர் பஸ்ல போயிடலாம், தூரத்துல வர்றப்பவே நம்பரை நான் படிச்சுச் சொல்றேன்."