கண்ணாடிக் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். அப்பா ஹவுராவில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தபோது அங்கே ஒரு தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தேன். அதோடு சரி. பிழைகளைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். என் பெயரை மட்டும் தடுமாறாமல் போடுவேன். ஒரு தாளில் அப்படிப் பெயர் போட்டதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கொல்கத்தாவில், கரியாஹாட்டில் நான் புடவை விற்கிறேன். முதலில் இருந்தது பழைய கடை. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் நாங்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்போம். வருகிறவர்களும் எதிரே உட்காருவார்கள். புடவையை விசிறி அவர்கள் மடியில் விழும்படி விரிப்போம். அந்தக் கடையை மூடிய பிறகு, எல்லா ஊரிலும் கிளை வைத்திருக்கும் ஒரு பெரிய கம்பெனியின் ஷோரூமில் சேர்ந்தேன். காஞ்சிபுரம் பட்டுக்கு ஒரு தமிழ் ஆள் வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே கண்ணாடிக் கவுன்ட்டர். காலை பத்தரையிலிருந்து இரவு ஒன்பது வரை நிற்க வேண்டும். கடையில் கஸ்டமரே இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். மதியம் சாப்பிடும் அரை மணிதான் தரையில் உட்காருவது. மேனேஜர் ஒரே பதில் வைத்திருந்தார். “கஸ்டமர் நிக்கும்போது நீங்க உட்கார்ந்திருந்தா, அவங்க என்ன நினைப்பாங்க?”

பக்கத்துக் கவுன்ட்டரில் பருத்திப் புடவை விற்றவள் ஒரு வங்காளிப் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவள். கணவனுக்கு உடம்பு சரியில்லை. இவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. இங்கே அண்ணனை தாதா என்பார்கள். என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். அவள் பேசியது வங்காளத்தில். எனக்கு வந்த தமிழில் எழுதுகிறேன்.

“தாதா, உங்க பட்டுகூட சரசரன்னு சத்தம் போடுது. நீங்கதான் போட மாட்டேங்கறீங்க.”

நான் சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வேன். புதியவர்களிடம் பேச எனக்கு வராது. புடவை மட்டும் இருந்தால் பேசிவிடுவேன்.

துர்கா பூஜைக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது ஒரு கல்லூரிப் பெண் தன் அம்மாவோடு வந்தாள். அம்மா பட்டுப் பார்த்த ஒரு மணி நேரமும் அந்தப் பெண் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காக்கு, நீங்க உட்காரவே மாட்டீங்களா?”

காக்கு என்றால் சித்தப்பா. பக்கத்துக் கவுன்ட்டரைக் காட்டி, “அவங்ககிட்ட கேளும்மா” என்றேன்.

நான் செய்த முதல் காரியம் அது.

மறுநாள் மதியம் வெளியே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவள் அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னாள். செருப்பைக் கழற்றி, நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்த காலைக் காட்டினாள். அந்தப் பெண் போனில் வீடியோ எடுத்தாள். முகம் வராமல் காலும் குரலும் மட்டும். இரண்டு மூன்று நாளில் அது ஊரெல்லாம் சுற்றிவிட்டது. சால்ட் லேக்கில் ஆபீஸ் வேலை செய்யும் என் மச்சான் எனக்கே அனுப்பி, “இது உங்க கடைதானே மாமா?” என்று கேட்டான்.

அவள் கணுக்காலில் எண்ணெய் தெறித்த பழைய தழும்பு ஒன்று உண்டு. மேனேஜர் அந்தக் காலை உடனே கண்டுபிடித்துவிட்டார். இதற்கு முன் அவரிடம் ஒரு ஸ்டூல் கேட்டுப் போனபோது, அவளே அதைக் காட்டியிருந்தாள்.

தலைமை ஆபீஸிலிருந்து விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். கடையில் நான்தான் வயதில் மூத்தவன் என்று முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். முந்தைய நாளே வீட்டில் மனைவி சொல்லியிருந்தாள். “பொண்ணு காலேஜ் முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க. நமக்கு எதுக்கு வம்பு?” அவளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவள் சொல்லாவிட்டாலும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அதிகாரி நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அந்தக் கட்டடத்தில் நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றுதான். பீங்கான் கோப்பையில் டீ வந்தது. என் முன்னால் வைத்த தாள் இங்கிலீஷில் இருந்தது. ஆனால் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அவர் அதை இந்தியில் நிதானமாகப் படித்துக் காட்டினார். களைப்பாக இருந்தால் ஊழியர்கள் உட்காரலாம், யாரையும் தடுத்ததில்லை என்று இருந்தது.

“சரிதானே?”

மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி சார்” என்றேன். பெயர் போட்டேன். அதன் பிறகு டீயையும் குடித்தேன்.

மறுநாள் அவளை வர வேண்டாம் என்றார்கள். பொய் சொல்லிக் கம்பெனி பெயரைக் கெடுத்தாள் என்று காரணம். டிபன் டப்பாவையும் குடையையும் எடுத்துக்கொண்டு என் கவுன்ட்டருக்கு வந்தாள். “யாரோ எழுதிக் கொடுத்திருக்காங்க தாதா. யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க.” நான் ஒரு மாம்பழக் கலர் புடவையை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். அவள் போகும்வரை மடித்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் வெளியே சத்தம் பெரிதானது. அந்தக் கல்லூரிப் பெண் இருபது முப்பது பேரோடு வந்து வாசலில் அட்டை பிடித்து நின்றாள். வாங்க வந்த பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு எதிர்க் கடைக்குப் போனார்கள். இந்தப் பூஜைக்கு இங்கே வாங்க மாட்டோம் என்று ஆளாளுக்குப் போனில் எழுதினார்கள். எங்கள் கால் வருஷக்கணக்காக வலித்தது. கம்பெனிக்கு வலி வந்தது பூஜைக்கு மூன்று வாரம் முன்னால்.

ஒரு காலையில் வேனில் ஸ்டூல்கள் வந்து இறங்கின. இரும்புக் கால், சிவப்பு ரெக்சின். கவுன்ட்டருக்கு ஒன்று. எங்கள் ஊழியர்கள் உட்காருகிறார்கள் என்று வாசலில் பலகை வைத்தார்கள். மூத்தவன் என்று என்னை உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். “கொஞ்சம் சிரிங்க அங்கிள்” என்றான் படம் எடுத்தவன். அவளைத் திரும்ப எடு என்று வாசலில் இன்னும் சில நாள் கத்தினார்கள். படம் வெளியான பிறகு கூட்டம் குறைந்தது. பிறகு பூஜை வந்துவிட்டது.

மேனேஜர் எங்களைக் கூப்பிட்டு, “கஸ்டமர் பார்க்கும்போது உட்காருங்க, அவங்களுக்குப் பிடிக்குது” என்றார். நிற்கச் சொன்னதும் கஸ்டமர் பேரில்தான். உட்காரச் சொன்னதும் அவர்கள் பேரில்தான். அந்தப் பிள்ளைகள் வந்து நிற்காமல் இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பூஜை முடிந்தால் இங்கே பிஜோயா வாழ்த்துச் சொல்ல இனிப்போடு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவார்கள். நான் ஒரு பெட்டி சந்தேஷ் வாங்கிக்கொண்டு அவள் வீட்டைத் தேடிப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, பஸ்ஸில் வரும்போதே வங்காளத்தில் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தாளில் பெயர் போட்டது நான்தான். அவ்வளவுதான் வாக்கியம்.

வாசலிலேயே தையல் மெஷின் போட்டுப் புடவைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். பிஜோயாவுக்குப் பெரியவர்கள் காலைத் தொடுவது இவர்கள் வழக்கம். நான் வாயைத் திறப்பதற்குள் குனிந்து என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“கடையிலேர்ந்து நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க” என்றாள். “பாருங்க, இப்ப நாள் பூரா உட்கார்ந்துதான் வேலை. இடுப்பு போகுது.” சிரித்தாள். “ஸ்டூல் எப்படி இருக்கு? உட்காருறீங்களா, இல்ல வெட்கப்பட்டுக்கிட்டு நிக்கிறீங்களா?”

“உட்காருறேன்” என்றேன்.

பொய். அந்தப் படத்துக்குப் பிறகு நான் அதில் உட்கார்ந்ததில்லை.

அந்த வாக்கியத்தை அப்படியே பஸ்ஸில் திரும்பக் கொண்டுவந்தேன். எனக்கு எழுத வருவது தமிழ் மட்டும். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. என் மகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது; வங்காளம் எழுத வரும். இதை வங்காளத்தில் எழுதித் தரும்படி அவளைத்தான் கேட்க வேண்டும். அதற்கு முதலில் நான் இதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். இன்று எனக்கு வார லீவு. அவள் காலேஜிலிருந்து நாலு மணிக்கு வருவாள்.

ஐப்பசி பதினொன்று, செவ்வாய்க்கிழமை.