ஜோதிகாவுக்கு நான் போட்ட வருகை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் பள்ளிக்கூடத்தில் ‘கணக்கு ஜரினா’ என்றால் பிள்ளைகளைவிட மற்ற ஆசிரியர்கள்தான் அதிகம் ஒதுங்கிப் போவார்கள். இருபத்திரண்டு வருஷமாகப் பூந்தமல்லியிலிருந்து பஸ் பிடித்து வந்து, மேனாம்பேட்டுப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். இந்த வருஷம் பத்தாம் வகுப்பு என் பொறுப்பு. பொறுப்பு என்று சொல்லிக்கொள்ளவே இப்போது வெட்கமாக இருக்கிறது.

பாடம் நடத்துவது இன்றைக்கு வாத்தியார் வேலையில் கால்வாசிதான். மீதி முக்கால்வாசி செல்போனில் நடக்கிறது. காலை ஒன்பதரைக்குள் வருகைப் பதிவைச் செயலியில் ஏற்றியாக வேண்டும். வகுப்பில் சிக்னல் கிடைக்காது என்பதால் மொட்டைமாடிப் படியில் நின்று ஏற்றுவேன். பெயருக்கு எதிரே பச்சை என்றால் பிள்ளை வந்திருக்கிறது, சிவப்பு என்றால் வரவில்லை. தொடர்ந்து சிவப்பு விழுந்தால் அந்தப் பெயர் தானாகவே மேலிடத்துக்குப் போய்விடும். அங்கிருந்து ஆட்கள் வீடு தேடி வந்து, ஏன் அனுப்பவில்லை என்று விசாரிப்பார்கள். அந்தச் செயலியை நான் திட்டாத நாளில்லை. ஆனால் இந்த ஒரு காரியத்தில் அது என்னைவிட யோக்கியம்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது ஜோதிகா வரவில்லை. கணக்கில் கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். தப்பாகப் போட்டாலும் கடைசி வரி வரைக்கும் போட்டுவிட்டுத்தான் பேனாவை வைப்பாள். அப்பா இல்லை. அம்மா பொன்னியம்மா, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் இரவு ஷிப்ட் பார்க்கிறாள். மூன்றாம் நாள் அவளுக்குப் போன் போட்டேன்.

“அம்மா ஊட்டுக்கு வந்துகீறாங்க டீச்சர். புள்ளைக்கு உடம்பு பூரா முத்து. தலைக்குத் தண்ணி ஊத்தினதும் அனுப்பறேன்” என்றாள்.

அம்மை போட்டிருக்கிறது. அதற்கு மேல் யார் என்ன கேட்க முடியும்? வாசலில் வேப்பிலை செருகிய வீட்டுக்கு வெளியாள் போவதில்லை. பூந்தமல்லியில் எங்கள் தெருவிலும் அதே வழக்கம்தான். என் அம்மாவே எனக்கு வேப்பிலை விரித்துப் படுக்க வைத்தவள். நோய் தொற்றிவிடும் என்ற பயம் பாதி, இன்னொருவர் நம்பிக்கையை மிதித்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது என்ற கூச்சம் பாதி. நான் போகவில்லை.

போகாததோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. போன பருவத்திலேயே அவளுக்கு விடுப்பு அதிகம். வருகை இன்னும் குறைந்தால் பொதுத்தேர்வு ஹால் டிக்கெட்டுக்கு வில்லங்கம் வரும். பாவம், உடம்பு முடியாத பிள்ளை, ஒரு பச்சையில் யார் குடி முழுகிவிடும் என்று நினைத்து அவள் பெயரைத் தொட்டேன். மறுநாளும் தொட்டேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கேட்டதற்கு, “இவளுக்கு எறங்கிச்சு டீச்சர், இப்ப சின்னவனுக்குப் போட்டுகீது” என்றாள் பொன்னியம்மா. ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் அடுத்தவருக்கும் வருவது சகஜம்தானே. நானும் நம்பினேன்.

அந்த வாரம்தான் எங்கோ ஒரு குழந்தைத் திருமணத்தைக் கடைசி நேரத்தில் தடுத்த செய்தியைப் பேப்பரில் படித்தேன். ஓய்வறையில் வினோத் சாரிடம், “மாலை வாங்குற வரைக்கும் அந்த கிளாஸ் டீச்சர் தூங்கிட்டு இருந்தாங்களா?” என்று நீட்டி முழக்கினேன். எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே.

நேற்று ஹால் டிக்கெட் விவரப் பட்டியல் வந்தது. பெயர், பிறந்த தேதி சரிபார்த்து ஒவ்வொரு பிள்ளையும் கையெழுத்துப் போட வேண்டும். ஜோதிகாவின் இடம் மட்டும் காலியாக இருந்தது. ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது, இனி போகலாம் என்று மதியம் அனுமதி வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவில் செருகிய வேப்பிலை காய்ந்து சருகாகியிருந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து வந்த பொன்னியம்மா என்னைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“புள்ள எங்கே?”

“வேப்பம்பட்டுல கீது டீச்சர்.”

“அங்கே யார் வீடு?”

“அவ ஊடுதான்.”

எனக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும், “யாருக்கும்மா கட்டிக் கொடுத்தே?” என்றேன்.

“ரெண்டு பசங்க பின்னாலயே வந்துகினு இருந்தானுங்க டீச்சர். நான் நைட்டு வேலைக்குப் போயிட்டா ஊட்ல யாரு கீறா? என் தம்பி ஜெகனுக்கே கட்டிட்டேன். தை கடைசி வெள்ளிக்கெயம. அம்மைன்னு சொன்னா யாரும் படியேற மாட்டாங்கன்னுதான் அப்டி சொன்னேன். அதுக்கு ஆத்தா என்னை இன்னா வேணா பண்ணட்டும்.”

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவள் அழுதுகொண்டே வேப்பம்பட்டு முகவரியைச் சொன்னாள்.

அம்பத்தூரில் ரயில் ஏறி வேப்பம்பட்டில் இறங்கினேன். ஒற்றை அறை வீடு. ஜோதிகா குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் அளவில் ஒரு நைட்டி, கழுத்தில் புது மஞ்சள் கயிறு. “வாங்க மிஸ்” என்று எழுந்து, பழக்க தோஷத்தில் கையைக் கட்டிக்கொண்டாள்.

“யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றேன்.

“அம்மா போனைப் புடுங்கிகிச்சு மிஸ். வரலைன்னா ஊடு தேடி ஆளு வருவாங்கன்னு தெரியும். அதான் வாசலையே பாத்துகினு இருந்தேன். மாலை போட்டப்பக்கூடப் பாத்தேன்.”

சொல்லாமலே திரும்பியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை. தினமும் நான் பச்சை போட்டதால்தான் ஆள் வரவில்லை என்பதைச் சொன்னேன்.

“அப்ப மாலை போட்ட அன்னிக்கும் நான் ஸ்கூல்லதான் இருந்தேனா மிஸ்?”

அவள் குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஸ்டேஷனுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். இரண்டு ரயிலை விட்டேன். உண்மையைச் சொன்னால் என் வேலைக்கு ஆபத்து. அவள் ஹால் டிக்கெட்டும் போகலாம். சொல்லாவிட்டால் அவள் அந்தக் குழாயடியிலேயே இருப்பாள். குழந்தைகள் உதவி எண்ணை அழுத்தினேன். ஒரு பெண் எடுத்தாள். பெயர், வயது, முகவரி எல்லாம் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

“பொண்ணு கடைசியா எப்ப மேடம் ஸ்கூலுக்கு வந்தாங்க?”

“பொங்கலுக்கு முன்னாடி.”

“அதுக்கு ரெக்கார்டு இருக்குங்களா?”

“ரெக்கார்டு இருக்கும்மா” என்றேன். “அதுல இன்னைக்குக் காலையிலயும் வந்திருக்கா. போட்டது நான்தான்.”