நூல்கோல் ஊறுகாயும் அண்ணனின் கைக்குட்டையும்

ஷவர்மா பிளேட்டருக்கு மயோனைஸ்தான் உயிர் என்று யாராவது என் முன்னால் சொல்லட்டும், என் வாய் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வார்கள். ஷார்ஜாவில் ஒரு லெபனான் ஓட்டலின் சமையல்கட்டில் ஏழு வருஷம் வெந்தவள் நான். பாத்திரம் கழுவப் போனேன், திரும்பி வரும்போது கம்பியில் கறி அடுக்குவது வரைக்கும் என் கையில் இருந்தது. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. கண்ணால் பார்த்துத் திருடிக்கொண்டேன்.

கறியைச் சீவும்போது ஓரம் மொறுமொறுவென்றும் உள்ளே ஈரமாகவும் இருக்க வேண்டும். ரொட்டி கறிக்குப் பக்கத்தில் இல்லை, அடியில் இருக்க வேண்டும். மேலேயிருந்து இறங்கும் சாற்றையெல்லாம் குடித்துவிட்டு அது கிடக்கும், கடைசியில் அந்த ரொட்டிக்குத்தான் சண்டை நடக்கும். பூண்டு, எண்ணெய், எலுமிச்சை, உப்பு, இந்த நாலை மட்டும் வெண்ணெய் மாதிரி அடித்த விழுது ஒரு ஓரம். இவ்வளவும் இருந்து, ரோஸ் நிறத்தில் ஊறிய டர்னிப் கிழங்குத் துண்டு இல்லையென்றால் அது பிளேட்டரே இல்லை. நாலு வாய்க்கு மேல் கறி திகட்டிப்போகும். அந்தப் புளிப்பில் ஒரு கடி கடித்தால் ஐந்தாவது வாய் முதல் வாய் மாதிரி இறங்கும்.

ஊர் திரும்பியதும் ஆரணி மார்க்கெட்டில் டர்னிப்புக்கு எங்கே போவேன்? நூல்கோலை வாங்கினேன். விரல் நீளத்துக்கு வெட்டி, உப்புத் தண்ணீரும் வினிகரும் ஊற்றி, ஜாடிக்கு இரண்டு துண்டு பீட்ரூட் போட்டு வைத்தால் ஒரு வாரத்தில் அப்படி ஒரு நிறம் வரும். பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டு, முதல் ஜாடியைத் திறந்த அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? முதல் தட்டை என் அண்ணனுக்கு வைத்தேன். புத்தி கெட்டுப்போய் வைத்தேன்.

அண்ணன் பட்டுக்கடை முதலாளி. பட்டு நெய்கிற எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. அழுத்தமான கலரைக் கண்டால் முதலில் ஈரத்துணியால் தேய்த்துப் பார்ப்பார்கள், கலர் ஒட்டினால் சரக்கு மட்டம். புடவைக்கு அது சரி. சாப்பாட்டுக்குமா? அண்ணன் சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார். டம்ளர் தண்ணீரில் நுனியை நனைத்தார். என் நூல்கோலைப் பிடித்து, புடவையைத் தேய்க்கிற மாதிரியே தேய்த்தார். கைக்குட்டை ரோஸ் ஆனது.

"இன்னாம்மா இது, சாயம் போட்டுக்கீற?"

"ஐயோ, பீட்ரூட்ண்ணா! வாயில போட்டுப் பாரு."

"கலரப் பத்தி எனக்கே சொல்றியா நீ?" என்று தட்டைத் தள்ளினார். ஒரு துண்டுகூட வாயில் வைக்கவில்லை. படுபாவி, கறியையாவது தின்றிருக்கலாம்.

அத்தோடு விட்டாரா? பஜாரில் டீ குடிக்கிற இடத்தில் எல்லாம், "எந் தங்கச்சி கடைன்னு பாக்காதீங்கப்பா, பொய் சொல்லக்கூடாது, கலர் ஒட்டிகினு வருது" என்று சொல்லியிருக்கிறார். வேறு யாராவது சொல்லியிருந்தால் ஊர் நம்பியிருக்காது. பட்டுக்காரர், அதுவும் கூடப் பிறந்தவர் சொல்கிறாரே என்று அத்தனை பேரும் நம்பினார்கள். வந்த ஒன்றிரண்டு பேரும், "அக்கா, அந்த ரோஸ் கலர் ஐட்டம் வேணாங்க" என்றார்கள். வேணாமா? அது இல்லாத தட்டு என் கடையில் கிடையாது என்று திருப்பி அனுப்பினேன். என் திமிர் அது, ஒப்புக்கொள்கிறேன். மத்தியானத்தில் கம்பி சும்மா சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நான் பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் ஷட்டரை இழுத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குக் கறி விருந்து. போளூர்க்காரர்கள், நாற்பது பேர். "எங்க அத்த கடை பிளேட்டர்தான் வேணும்" என்று அந்தப் பெண் ஒற்றைக் காலில் நின்றாள். அண்ணன் வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டு, "அந்தக் கலர் சமாசாரம் மட்டும் வேணாம்" என்றார். நான் இரண்டு ஜாடி கொண்டுபோனேன்.

போளூர்க்காரர்கள் சாப்பிட்டார்கள் பாருங்கள், அது சாப்பாடு! மாப்பிள்ளையின் அம்மா ஊறுகாயை மட்டும் மூன்று தடவை கேட்டு வாங்கினார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இனி இவர்கள் பேசுவது பஜாருக்கும் எட்டும், கடை பிழைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமியாருக்கு நாலாவது தடவையாகக் கிண்ணத்தை நகர்த்தும்போது அந்தப் பெண்ணின் கை தட்டி, ஊறுகாய்த் தண்ணீர் அவள் மடியில் கொஞ்சம் கொட்டிவிட்டது. சந்தன நிறப் பட்டு, ராணி பிங்க் கரையும் முந்தானையும். அவள் அப்பா கடையிலேயே எடுத்த புடவை. பதறிப்போய் டம்ளர் தண்ணீரை எடுத்து ஊற்றித் துடைத்தாள். துடைக்கத் துடைக்க, சந்தன நிறத்தின் மேல் ரோஸ் பரவிக்கொண்டே போனது.

அண்ணன் ஓடிவந்தார். "சொன்னேனா இல்லியா? சாயம்! அத்தினி பேருக்கும் சாயத்தப் போட்டுக் குடுத்துகீறா. இதத் தின்னா கொடலு இன்னா ஆவும்?"

நாற்பது பேரும் கையை நிறுத்தினார்கள். மாப்பிள்ளையின் அம்மா தட்டைக் கீழே வைத்தார்.

"ஊத்துனது ஒரு கரண்டிண்ணா, பரவிக்கீறது ஒரு முழம். கரையப் பாரு, கரைலேந்துதான் வருது!"

"எங்கடை பட்டு கலர் போவுமா? யார்கிட்ட பேசிகினு இருக்க நீ?"

யார் என்னை நம்புவார்கள்? கலரைப் பற்றி அவர் பேச்சுக்கு எதிராக ஆரணியில் என் பேச்சா எடுபடும்? கத்த வேண்டும் போலிருந்தது.

அந்தப் பெண் எழுந்தாள். அப்பாவின் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினாள். நுனியைத் தண்ணீரில் நனைத்து என் கையில் கொடுத்தாள். பின்னால் தொங்கிய முந்தானையை முன்னுக்கு இழுத்தாள். ஊறுகாயும் படாத, தண்ணீரும் படாத இடம்.

"இங்கத் தேய்ங்க அத்த."

அண்ணன் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார். என் வாழ்நாளில் அவர் என்னிடம் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான். புதுச் சம்பந்திகள் முன்னால் அந்த மனுஷனின் மானம் போகும், எனக்குத் தெரியும். என் கடையைப் பற்றிப் பேசும்போது அவருக்கு இது தோன்றியதா? அழுத்தித் தேய்த்தேன். கைக்குட்டை ரோஸ் ஆனது.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் தட்டைத் திரும்ப எடுத்தார், விட்ட இடத்திலிருந்து சாப்பிட்டார். என் அண்ணன் மகள் ஒரு நூல்கோல் துண்டை எடுத்து அப்பாவின் வாய்க்கு நேராக நீட்டினாள். நீட்டிய கையை இறக்கவில்லை.

"துன்னுப்பா."

அண்ணன் வாயைத் திறந்தார். நறுக்கென்று கடிபடும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"எப்படிண்ணா கீது?" என்று கேட்டேன். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை, மறைப்பானேன்.

தலை குனிந்தபடி, "நல்லாத்தாம்மா கீது" என்றார்.

"இங்க சொல்லாத. நாளைக்கு பஜார்ல, அந்த டீக்கடைல நின்னு சொல்லு" என்றேன். கைக்குட்டையை மடித்து என் இடுப்பில் செருகிக்கொண்டேன். "சொல்லிட்டு வந்து இத வாங்கிகினு போ."