குச்சி நட்ட இடம்

தமிழ்வாணிக்கு வேலை, சேற்றைப் படிப்பது. சமயநல்லூர்ப் பக்கம் தன் ஊர்க் கண்மாயில் குழாயை இறக்கி மண்ணை உருவினாள். மழைக்கு ஒன்றாக மெல்லிய அடுக்குகள். ஒவ்வொன்றிலும், நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் பாசி ஓடுகள். எந்த வருடம் தண்ணீர் நின்றது, எந்த வருடம் வற்றியது என்று அவை சொல்லும்.

கலையாத அடுக்குகள் ஒரே இடத்தில்தான் இருந்தன. அங்கே நாலு குச்சி நட்டாள். எதற்கென்று ஊரில் ஒருவரிடமும் சொல்லவில்லை. படித்தவர்களுக்கே உள்ள திமிர். ஆழமாகத் துளைக்கும் கருவி கைக்கு வர இரண்டு வருடம் ஆனது.

சித்திரையில் கருவியோடு வந்தாள். குச்சிகள் இருந்த இடத்தில் ஆளுயரப் பள்ளம்.

அப்பா சுருளிக்கு முகமெல்லாம் பெருமை. "மண்ணு படிச்ச புள்ள குச்சி நட்டுருக்கு, அங்கதான் நல்ல கரம்பை மண்ணு கெடக்குன்னு ஊரே அள்ளிட்டுப் போயி வயலுக்கு உரமா அடிச்சிருச்சு தாயி. மொத வண்டி நமக்குத்தான். ரெண்டு உழவும் ஓட்டியாச்சு."

அவள் வயலில் ஒரு பிடி அள்ளிப்போய் நுண்ணோக்கியில் வைத்தாள். ஓடுகள் எல்லாம் இருந்தன. எது எந்த மழையுடையது என்று இனி எவருக்கும் தெரியாது.